இலத்திரன் போனால் அணுவின் திணிவு குறையாதா?

சாதாரண தரம் படிக்கும் உங்கள் மகள் கேட்டதை நான் விளங்கிக்கொண்ட மாதிரி முதலில் எழுதிவிடுகிறேன். சோடியத்தின் சார் அணுத்திணிவு 23, குளோரீனுடையது 35.5 என்று பாடத்தில் இருக்கிறது. பிறகு இன்னொரு பாடத்தில், சோடியம் ஓர் இலத்திரனை இழந்து நேர் அயனாகிறது, குளோரீன் அதைப் பெற்று மறை அயனாகிறது என்று படிப்பிக்கிறார்கள். அப்படியென்றால் 23 கொஞ்சம் குறைய வேண்டும், 35.5 கொஞ்சம் கூட வேண்டும். ஆனால் ரீச்சர் பழைய எண்களையே கூட்டி உப்புக்கு 58.5 என்று எழுதுகிறார், இது எப்படிச் சரி என்பது அவளுடைய முதல் கேள்வி. அதோடு இன்னும் இரண்டு. அணுவுக்குள் இருப்பவை எல்லாம் முழுசு முழுசாக இருக்கும்போது 35.5 இல் அந்த அரை எங்கிருந்து வந்தது? இழந்தது நேர், பெற்றது மறை என்று ஏன் தலைகீழாக வருகிறது? வீட்டில் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள்.

நான் யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புகளுக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன். உயர்தரத்துக்கு வந்த பிள்ளைகளிலும் ஒன்றிரண்டு பேர்தான் இதைக் கேட்பார்கள். கேட்காதவர்கள் எல்லாம் விளங்கித்தான் பேசாமல் இருக்கிறார்கள் என்று நான் நம்புவதில்லை. மூன்று கேள்விகளுக்கும் வேர் ஒன்றுதான்: அணுவின் திணிவு இருப்பது ஓரிடத்தில், அதாவது புரோத்தன்களும் நியூத்திரன்களும் சேர்ந்த நடுக் கருவில்; அயனாகும்போது மாறுவது வேறோரிடத்தில், கருவுக்கு வெளியே உள்ள இலத்திரன்களில். இதை எண்ணோடு காட்டினால் பிள்ளைக்கு உடனே பிடிபடும். "இலத்திரன் மிகவும் சிறியது, விட்டுவிடலாம்" என்று மட்டும் சொன்னால் அது பதிலாகாது. எவ்வளவு சிறியது, எதோடு ஒப்பிட்டு என்று அவள் திருப்பிக் கேட்பாள், கேட்கவும் வேண்டும்.

சந்தேகமே இல்லாத பகுதியிலிருந்து தொடங்குகிறேன். அணுத்திணிவை அளக்க நாம் வைத்திருக்கும் அலகு, காபன்-12 அணு ஒன்றின் திணிவில் பன்னிரண்டில் ஒரு பங்கு. 1961 இலிருந்து உலகம் முழுக்க இதுதான். அதற்கு முன் இரசாயனவியலாளர்கள் இயற்கையில் கிடைக்கும் ஒட்சிசன் கலவையை 16 என்று வைத்தார்கள், பௌதிகவியலாளர்கள் ஒட்சிசன்-16 என்ற ஒரு சமதானியை (ஒரே மூலகத்தில் நியூத்திரன் எண்ணிக்கையால் வேறுபடும் அணு வகைகளில் ஒன்றை) மட்டும் 16 என்று வைத்தார்கள். ஆக ஒரே மூலகத்துக்கு இரண்டு அட்டவணைகளில் இரண்டு எண்கள் இருந்தன. இப்போதைய அலகில் புரோத்தன் 1.00728, நியூத்திரன் 1.00866, இலத்திரன் 0.00055. அதாவது ஒரு புரோத்தனின் திணிவு ஓர் இலத்திரனுடையதைப்போல 1836 மடங்கு. சோடியம் அணுவின் திணிவு 22.98977. ஓர் இலத்திரன் போன பிறகு சோடியம் அயனின் திணிவு 22.98922. இரண்டையும் மகள் எப்படி மட்டந்தட்டுவாள் என்று கேட்டுப் பாருங்கள்: 23, 23. இரண்டு தசமதானத்துக்கு எழுதச் சொன்னாலும் 22.99, 22.99 தான்.

இன்னும் கையில் பிடிக்கக்கூடிய மாதிரிச் சொல்வதென்றால், 23 கிராம் சோடியத்தில் இருக்கும் ஒவ்வோர் அணுவிலிருந்தும் ஓர் இலத்திரனை எடுத்துவிடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். எடுத்த இலத்திரன்கள் எல்லாவற்றையும் சேர்த்தால் அரை மில்லிகிராமுக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். 0.01 கிராம் வரை காட்டும் தராசில் அது தெரியவே தெரியாது. இந்த விகிதம் மிகவும் கூடுதலாக இருக்கும் இடம் ஐதரசன். அதன் ஒரே இலத்திரன் போனால் மிஞ்சுவது வெறும் புரோத்தன். அங்கேகூட இழப்பு ஆயிரத்தில் அரைப் பங்குதான். மற்ற மூலகங்களுக்கு ஓர் இலத்திரனின் பங்கு அதைவிடக் குறைவு.

ஆனால் இந்தச் சிறுமையைவிட எனக்கு முக்கியமாகப் படும் காரணம் வேறு. சோடியம் அயன் மட்டும் நிறைந்த போத்தல் என்று ஒன்றை யாரும் விற்க முடியாது. நேர் ஏற்றங்களை மட்டும் ஒரு கிராம் அளவில் ஓரிடத்தில் சேர்த்து வைக்கவே முடியாது, அவை ஒன்றையொன்று அவ்வளவு பலமாகத் தள்ளும். நாம் தராசில் வைக்கும் எந்தப் பொருளிலும் நேரும் மறையும் சரிக்குச் சரி இருக்கும். சோடியம் விட்ட இலத்திரன் எங்கேயும் தொலைந்து போகவில்லை, பக்கத்தில் இருக்கும் குளோரீனில் இருக்கிறது. ஆகவே சோடியத்தின் 22.99 ஐயும் குளோரீனின் 35.45 ஐயும் கூட்டும்போது ஓரிடத்தில் குறைந்தது மற்ற இடத்தில் அப்படியே கூடி, 58.44 என்று வந்துவிடுகிறது. இலத்திரன் இப்போதையதைவிட நூறு மடங்கு பாரமாக இருந்திருந்தாலும் உங்கள் ரீச்சர் போட்ட கணக்கில் இந்தப் பரிமாற்றத்தால் பிழை வராது. மகளுடைய முதல் கேள்விக்கு நேரான பதில் இதுதான் என்று நினைக்கிறேன்.

நேர், மறை விஷயத்துக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. இலத்திரனின் ஏற்றம் மறை. கையில் 11 ரூபாயும் தலையில் 11 ரூபாய் கடனும் உள்ள ஒருவருக்கு ஒரு ரூபாய்க் கடன் தள்ளுபடியானால் அவருடைய நிலை கூட்டல் ஒன்று. சோடியத்தில் 11 புரோத்தன்கள், 11 இலத்திரன்கள்; ஓர் இலத்திரன் போனால் மிஞ்சுவது கூட்டல் ஒன்று. குளோரீனில் 17 க்கு 17, ஒன்று வந்து சேர்ந்தால் கழித்தல் ஒன்று. பிள்ளைகள் தடுமாறுவது, புரோத்தன் கூடித்தான் நேர் ஏற்றம் வருகிறது என்று நினைப்பதால். அது மட்டும் நடக்காது. புரோத்தன் எண்ணிக்கை மாறினால் மூலகமே மாறிவிடும். சோடியத்திலிருந்து வெளி இலத்திரன் ஒன்றை எடுக்கத் தேவையான சக்தியைவிட அதன் கருவிலிருந்து ஒரு புரோத்தனைப் பிடுங்கத் தேவையான சக்தி பத்து இலட்சம் மடங்குக்கும் கூட. பரிசோதனைக் குழாயிலும் அடுப்பிலும் உடம்பிலும் நடக்கும் எந்தத் தாக்கமும் கருவைத் தொடுவதில்லை என்பதற்கு இந்த இடைவெளிதான் காரணம்.

சரி, 35.5 க்கு வருவோம். அந்த அரை ஓர் அணுவுக்குள் இல்லை. 35.5 அலகு திணிவுள்ள குளோரீன் அணு உலகத்தில் ஒன்றுகூடக் கிடையாது. இயற்கையில் குளோரீன் அணுக்கள் இரண்டு வகை. இரண்டிலும் புரோத்தன் 17. ஒன்றில் நியூத்திரன் 18, மற்றதில் 20. முதலாவதின் திணிவு 34.969, இரண்டாவதின் திணிவு 36.966. எந்த நாட்டு உப்பை எடுத்தாலும் ஏறத்தாழ 75.77 வீதம் முதலாவது வகை, 24.23 வீதம் இரண்டாவது வகை. மகளிடம் ஒரு கல்குலேற்றரைக் கொடுத்து, 34.969 ஐ 0.7577 ஆல் பெருக்கி, 36.966 ஐ 0.2423 ஆல் பெருக்கி, இரண்டையும் கூட்டச் சொல்லுங்கள். 35.45 வரும். அதைத்தான் பள்ளிக்கூடத்தில் 35.5 என்று மட்டந்தட்டுகிறோம். இதன் விளைவு ஒன்றைப் பிள்ளைகள் வடிவாகக் கவனிக்க வேண்டும்: உப்பில் எந்த ஒரு சோடியம்-குளோரீன் சோடியும் 58.44 இல்லை. முக்கால்வாசி 57.96, கால்வாசி 59.96. ஆனால் ஒரு மில்லிகிராம் உப்பிலேயே ஏறக்குறைய ஓர் இலட்சம் கோடி கோடி சோடிகள் இருப்பதால் நிறுத்துப் பார்க்கும்போது சராசரி மட்டுமே கண்ணுக்குத் தெரிகிறது.

இந்த இரண்டு வகை அணுக்களும் இலத்திரனைப் பெறுவதில் ஒரே மாதிரித்தான் நடந்துகொள்கின்றன. கருவில் இரண்டு நியூத்திரன் கூடினாலும் ஏற்றம் மாறவில்லை, ஆகவே வெளியில் இருக்கும் இலத்திரன்களுக்கு அது கிட்டத்தட்டத் தெரிவதேயில்லை. ஐதரசன் போன்ற மிக இலேசான அணுக்களில் மட்டும் சமதானி மாறினால் தாக்கவீதத்தில் பெரிய வித்தியாசம் வரும்.

இங்கே மகளுக்குச் சொல்ல வேண்டிய வேறொரு சங்கதி இருக்கிறது, பாடப்புத்தகத்தில் அணுத்திணிவும் அயனும் வேறு வேறு பாடமாக இருப்பதால் இது தப்பிப் போகிறது. குளோரீனில் 35 உம் 37 உம் இருக்கின்றன என்று நமக்கு எப்படித் தெரியும்? ஓர் அணுவைத் தராசில் வைக்க முடியாது. அணுவை அயனாக்கித்தான் அதன் திணிவைக் கண்டுபிடித்தார்கள். நடுநிலையான அணுவை மின்புலமோ காந்தப்புலமோ பிடித்து வளைக்காது. ஏற்றம் இருந்தால் வளைக்கும். ஒரே ஏற்றமும் ஒரே வேகமும் உள்ள இரண்டு அயன்களைக் காந்தப்புலத்துக்குள் விட்டால் பாரமானது குறைவாக வளையும், இலேசானது கூட வளையும். விழும் இடத்தைப் பார்த்துத் திணிவைச் சொல்லிவிடலாம். 1897 இல் இலத்திரனை இனங்கண்ட ஜே. ஜே. தொம்சன், இப்படி நியோன் வாயுவை ஆராய்ந்தபோது 20 உடன் 22 என்று இன்னொரு கோடும் வருவதை 1912 அளவில் கண்டார். அவரோடு வேலை செய்த பிரான்சிஸ் அஸ்ரன் 1919 இல் இன்னும் திருத்தமான கருவியை அமைத்து, அடுத்தடுத்து மூலகங்களைச் சோதித்து, குளோரீன் 35 உம் 37 உம் கலந்தது என்று காட்டினார். 1922 இல் அவருக்கு இரசாயனவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. நியூத்திரன் என்ற துணிக்கையை சாட்விக் கண்டுபிடித்ததே அதற்குப் பிறகு, 1932 இல். ஏன் 35, ஏன் 37 என்ற காரணம் விளங்குவதற்கு முன்பே எண்கள் கையில் வந்துவிட்டன.

இந்தக் கருவிக்குள் குளோரீன் நேர் அயனாக ஓடும் என்பதையும் மகளுக்குச் சொல்லுங்கள். வேகமான இலத்திரன் கற்றையால் மோதவிட்டு குளோரீனிலிருந்தே ஓர் இலத்திரனைத் தட்டிவிடுகிறார்கள். குளோரீன் என்றால் மறை என்பது அதன் தலையெழுத்து இல்லை. போதிய சக்தி கொடுத்தால் எந்த அணுவையும் நேர் அயனாக்கலாம். சாதாரண நிலைமையில் அது மறை அயனாக இருப்பதுதான் மலிவு.

அணுத்திணிவு சராசரி என்றால் கலவை மாறினால் எண்ணும் மாற வேண்டுமே என்று அவள் கேட்டால், ஆம், மாறும். இதற்கு மிகத் தெளிவான சான்று ஒன்றில் எங்கள் இலங்கை சம்பந்தப்பட்டிருப்பது எனக்குப் பெரிய சந்தோசம். 1914 இல் பிரெட்ரிக் சொடியும் அவரோடு வேலை செய்த ஹைமனும் இலங்கையிலிருந்து போன தோரைற்று என்ற கனிமத்திலிருந்து ஈயத்தைப் பிரித்தெடுத்து அதன் அணுத்திணிவை அளந்தார்கள். சாதாரண ஈயத்துக்கு 207.2. இலங்கை ஈயம் அதைவிடப் பாரமாக இருந்தது. பிறகு செய்த திருத்தமான அளவீடுகளில் 207.7 அளவில் வந்தது. தோரியம் சிதைந்து சிதைந்து கடைசியில் ஈயம்-208 ஆகிறது, ஆகவே தோரியக் கனிமத்தில் உள்ள ஈயத்தில் 208 கூடுதலாக இருக்கும். அதே காலத்தில் அமெரிக்காவில் ரிச்சர்ட்ஸ் யுரேனியக் கனிமங்களிலிருந்து எடுத்த ஈயம் 207 க்குக் குறைவாக இருந்தது. மூன்றும் ஈயம், இரசாயன இயல்பில் பிரித்தறிய முடியாத ஈயம், ஆனால் மூன்று திணிவு. தோரியம் நிறைந்த இன்னொரு இலங்கைக் கனிமமான தோரியனைற்றை 1904 இல் கண்டவர் ஆனந்த குமாரசுவாமி. யாழ்ப்பாணத்தில் வேர் உள்ள குடும்பம். பின்னாளில் கலை வரலாற்றுக்காகப் பேர் பெற்றாலும் அந்த நேரம் அவர் இலங்கையின் கனிமவள ஆய்வுக்குப் பொறுப்பாக இருந்தவர்.

சோடியத்தில் ஒரே ஒரு நிலையான வகைதான் உண்டு, 11 புரோத்தன், 12 நியூத்திரன். அப்படியிருந்தும் அதன் திணிவு சரியாக 23 இல்லை, 22.98977. மேலே தந்த எண்களை வைத்து 11 புரோத்தன், 12 நியூத்திரன், 11 இலத்திரன் என்று கூட்டினால் 23.190 வரும். உண்மையான அணு அதைவிட 0.200 குறைவு. அவை கருவாகப் பிணையும்போது வெளியேறிய சக்திக்குச் சமமான திணிவு அது. ஐன்ஸ்ரைன் சொன்ன திணிவு-சக்தித் தொடர்பு இங்கே அட்டவணையிலேயே தெரிகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: கரு பிணைந்ததால் குறைந்தது 0.2, ஓர் இலத்திரன் போனால் குறைவது 0.0005. கருவுக்குள் நடப்பதை ஒரு பௌதிகவியல் ஆசிரியர் என்னைவிட வடிவாக விளக்குவார், நான் கூட்டல் கணக்கோடு நிறுத்துகிறேன்.

இனி அயன் எப்படி உண்டாகிறது என்ற பகுதி. இதில்தான் எங்கள் வகுப்பறைகளில் ஒரு தவறான கதை ஆழமாக ஊறிப்போயிருக்கிறது. "சோடியம் தன் இலத்திரனைக் கொடுக்க விரும்புகிறது, கொடுத்தால் அதற்கு உறுதி நிலை வரும்." இந்த வசனத்தைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, சோடியம் அணுவைத் தனியே விட்டால் அது தானாக இலத்திரனைக் கழற்றிவிடும் என்று நினைக்கும். அப்படி இல்லை. வாயு நிலையில் உள்ள சோடியம் அணுக்களிலிருந்து இலத்திரனை எடுக்க மூலுக்கு (அதாவது 23 கிராம் சோடியத்தில் உள்ளளவு அணுக்களுக்கு) 496 கிலோயூல் சக்தி நாம் கொடுக்க வேண்டும். குளோரீன் அந்த இலத்திரனை வாங்கும்போது திருப்பித் தருவது 349 கிலோயூல்தான். அதாவது ஒரு சோடியம் அணுவும் ஒரு குளோரீன் அணுவும் தூரத்தில் நின்றுகொண்டு இலத்திரனை மாற்றிக்கொள்வதென்றால் அது நட்டம். தன்பாட்டில் நடக்கவே நடக்காது.

பிறகு உப்பு எப்படி உண்டாகிறது? முழுக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம், ஒரு மூல் உப்புக்கு. திண்மச் சோடியத்தைத் தனித்தனி அணுக்களாக்க 107 கிலோயூல். குளோரீன் வாயுவில் சோடியாக இருக்கும் அணுக்களைப் பிரிக்க 122. சோடியத்திலிருந்து இலத்திரனை எடுக்க 496. மொத்தச் செலவு 725. குளோரீன் இலத்திரனைப் பெறுவதால் வருவது 349. இன்னும் 376 கிலோயூல் பற்றாக்குறை. இப்போது அயன்கள் ஒன்றையொன்று கவர்ந்து, ஒவ்வொரு சோடியத்தைச் சுற்றி ஆறு குளோரீன், ஒவ்வொரு குளோரீனைச் சுற்றி ஆறு சோடியம் என்று பளிங்காக அடுக்கப்படும்போது 787 கிலோயூல் வெளிவருகிறது. பற்றாக்குறையைத் தீர்த்து 411 மிச்சம். சோடியத்தைக் குளோரீனில் எரித்தால் வரும் வெப்பம் இதுதான். ஆகவே அயனை உண்டாக்குவது தனி அணுவின் விருப்பம் இல்லை, எதிர் ஏற்றங்கள் சேர்ந்து அடுக்கப்படும்போது கிடைக்கும் இந்தச் சாலகச் சக்தி. நீருக்குள் என்றால் நீர் மூலக்கூறுகள் அயனைச் சூழ்ந்து பிடிப்பதால் வரும் சக்தி அதே வேலையைச் செய்கிறது. என்னுடைய வகுப்பில் "விரும்புகிறது" என்று யாராவது சொன்னால் இந்த ஐந்து எண்களையும் பலகையில் எழுத வைப்பேன்.

சரி, சோடியம் ஏன் ஒன்றோடு நிற்கிறது, இரண்டாவது இலத்திரனையும் விட்டால் சாலகச் சக்தி இன்னும் கூடுமே என்று கேட்கலாம். நல்ல கேள்வி. இரண்டாவதை எடுக்க 4562 கிலோயூல் வேண்டும், முதலாவதைப்போல ஒன்பது மடங்கு. அது உள் ஓட்டில், கருவுக்குக் கிட்ட, இறுக்கமாகப் பிடிபட்டிருக்கிறது. எந்தச் சாலகமும் அவ்வளவு செலவை ஈடுசெய்யாது. மகனீசியத்துக்கு முதலாவது 738, இரண்டாவது 1451, மூன்றாவது 7733. மூன்றாவதில் சட்டென்று பாய்வதைப் பார்த்தாலே அது ஏன் இரண்டோடு நிற்கிறது என்று தெரிந்துவிடும். "எட்டு இலத்திரன் ஆக வேண்டும்" என்ற விதியை மனனம் செய்வதைவிட இந்த எண்களை ஒரு வரைபுத்தாளில் குறித்துப் பார்ப்பது பிள்ளைக்கு நூறு மடங்கு பிரயோசனம்.

பருமன் மட்டும் நன்றாக மாறும். சோடியம் அணுவின் ஆரை 186 பிக்கோமீற்றர், அயனின் ஆரை 102. வெளி ஓடு முழுவதும் போய்விட்டதல்லவா. திணிவு மாறாமல் பருமன் இவ்வளவு சுருங்குவதே, திணிவு எங்கே இருக்கிறது, இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது எது என்று காட்டிவிடுகிறது.

பாடப்புத்தகப் படத்தில் ஒரு சோடியம் அணு ஒரு குளோரீன் அணுவுக்கு அம்புக்குறி போட்டு இலத்திரனைக் கொடுக்கிறது. அதைப் பார்த்து, நாங்கள் சாப்பிடும் உப்பு அப்படி உண்டானது என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். ஆனையிறவு உப்பளத்தில் வெயில் செய்வது நீரை ஆவியாக்குவது மட்டுமே. பாத்திகளில் நிற்கும் உப்புநீரில் சோடியமும் குளோரீனும் முன்பே அயன்கள். நீர் வற்ற வற்ற அவை கிட்டக் கிட்ட வந்து பளிங்காகின்றன. இலத்திரன் பரிமாற்றம் அங்கே எதுவும் நடப்பதில்லை. கடலுக்கு வருமுன் பாறையில் இருந்தபோதும் சோடியம் அயன்தான். சோடியத்தை நடுநிலை அணுக்களாக, உலோகமாக மனிதன் முதலில் கண்டது 1807 இல், ஹம்ப்ரி டேவி எரிசோடாவை உருக்கி மின்பகுத்தபோது. அணு எப்படி அயனாகிறது என்று நாங்கள் கேட்கிறோம். சோடியத்தின் விஷயத்தில் அயனை அணுவாக்கத்தான் பாடுபட வேண்டியிருந்தது.

அந்த நடுநிலைச் சோடியத்தை மகள் உங்கள் குசினியிலேயே பார்க்கலாம். காஸ் அடுப்பில் உப்புப் போட்ட எதுவும் பொங்கி வழிந்தால் நீலச் சுவாலை மஞ்சளாகும். அந்த மஞ்சள் 589 நானோமீற்றர் அலைநீளமுள்ள ஒளி, அதை வெளியிடுவது சோடியம் அயன் இல்லை, சோடியம் அணு. சுவாலையின் வெப்பத்தில் உப்பு பிரிந்து, சோடியம் கொஞ்ச நேரம் தன் வெளி இலத்திரனோடு நடுநிலை அணுவாக இருக்கிறது; அந்த இலத்திரன் மேல் சக்தி மட்டத்துக்குப் போய்க் கீழே திரும்பும்போது மஞ்சள் ஒளி வருகிறது. சோற்றுப் பானைக்குள் சோடியம் அயன், சுவாலைக்குள் சோடியம் அணு, இரண்டிலும் கரு ஒன்றே.

இன்னொன்று கேத்தில். எங்கள் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது. மழைநீர் காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு அந்தக் கல்லுக்குள் இறங்கும்போது கல்சியம் அயன்களையும் இருகாபனேற்று அயன்களையும் எடுத்துக்கொண்டு கிணற்றுக்கு வருகிறது. கொதிக்க வைத்தால் இருகாபனேற்று பிரிந்து, கல்சியம் காபனேற்று வெள்ளைப் படையாகக் கேத்திலின் அடியில் பிடிக்கிறது. அந்தப் படையைச் சுரண்டி எடுத்துப் பார்த்து, "கொதித்ததால் அயன் அணுவாகிவிட்டது" என்று எழுதிய பிள்ளைகள் உண்டு. இல்லை. படையிலும் கல்சியம் இரண்டு நேர் ஏற்றத்தோடுதான் இருக்கிறது, துணை மாறியிருக்கிறது, அவ்வளவுதான். கொஞ்சம் வினாகிரி ஊற்றினால் நுரைத்துக் கரைந்து அதே கல்சியம் அயன் திரும்பவும் நீருக்குள் போய்விடும். கடலோரத்தில் அளவுக்கு மிஞ்சி இறைத்து நீர் சவராகிப்போன கிணறுகளில் இருப்பது பெரும்பாலும் சோடியமும் குளோரைட்டும். அதைக் கொதிக்க வைத்து உப்பைப் போக்க முடியாது, நீர் குறையக் குறைய உப்பு இன்னும் செறியும். நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உப்புநீரும் இருப்பதை மகள் சுற்றுலாவில் கேள்விப்பட்டிருப்பாள்; அந்த ஆழத்து உப்பும் இதே அயன்கள்தான்.

இதுவரை சொன்ன எண்களில் சந்தேகத்துக்கு இடமில்லை. ஆனால் சில விஷயங்கள் பள்ளிக்கூடத்தில் சொல்லப்படும் அளவுக்கு உறுதியானவை இல்லை. எட்டு இலத்திரன் விதி ஒரு வழிகாட்டி மட்டும். இரும்பு இரண்டு ஏற்ற அயனாகவும் மூன்று ஏற்ற அயனாகவும் வரும், இரண்டிலும் வெளியில் எட்டு இல்லை. ஓர் அணுவின் மேல் "முழு மூன்று ஏற்றம்" இருக்கிறது என்பதும் எல்லா இடத்திலும் உண்மை இல்லை. உப்பில் இலத்திரன் பரிமாற்றம் கிட்டத்தட்ட முழுமையானது. அலுமினியம் குளோரைட்டில் அப்படி இல்லை, சூடாக்கினால் அது மூலக்கூறாகவே ஆவியாகிறது; அங்கே இலத்திரன்கள் இரண்டு பக்கமும் பகிரப்பட்டிருக்கின்றன, அலுமினியத்தின் மேல் உண்மையில் எவ்வளவு ஏற்றம் என்பதற்கு வேறு வேறு கணக்கீட்டு முறைகள் வேறு வேறு விடை தரும். பகிர்ந்த இலத்திரனில் எவ்வளவு யாருடையது என்று கோடு போடுவது நாமே தீர்மானிக்கும் விஷயம். அணுத்திணிவும் அப்படி ஒரு எல்லைக்குள் நிற்பது. மாதிரி எங்கிருந்து வந்தது என்பதைப் பொறுத்துச் சமதானிக் கலவை சற்று மாறுவதால், குளோரீனுக்கு 35.446 இலிருந்து 35.457 வரை என்று ஒரு வீச்சாகவே இப்போது சர்வதேச அட்டவணையில் தருகிறார்கள். ஐதரசன், காபன், ஒட்சிசன் போன்ற வேறு சில மூலகங்களுக்கும் அப்படித்தான். சோடியத்துக்கு ஒரே வகை என்பதால் அந்தப் பிரச்சினை இல்லை.

பரீட்சைக்கு, வினாத்தாளில் தரப்படும் சார் அணுத்திணிவையே மகள் பயன்படுத்தட்டும், 35.5 தந்தால் 35.5, 35.45 தந்தால் 35.45. அணுவுக்கு ஒன்று, அயனுக்கு ஒன்று என்று இரண்டு திணிவு எழுதத் தேவையில்லை. இலத்திரன்களின் எண்ணிக்கையைக் கேட்டால் அணுவெண்ணிலிருந்து ஏற்றத்தைக் கழிக்க வேண்டும், மறை ஏற்றமென்றால் கூட்ட வேண்டும். புரோத்தனையும் நியூத்திரனையும் தொடக்கூடாது. உயர்தரத்துக்கு இரசாயனவியல் எடுத்தாள் என்றால், மேலே தந்த 107, 122, 496, 349, 787 ஐ ஒரு சக்திச் சக்கரமாக வரைந்து பார்க்கச் சொல்லுங்கள். முதல் வருடத்திலேயே அது வரும்.